அடுத்தது நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

"இறங்குறவங்க இறங்குங்க. அடுத்தது நாப்பத்திரண்டு கிலோமீட்டர்." வண்டி முழுதாக நிற்பதற்குள் ஓட்டுநர் எர்மெக் கதவைத் திறந்து தரையில் கால் வைத்திருப்பார். அடுத்தது என்று அவர் சொல்வது ஊரையோ உணவகத்தையோ அல்ல, கழிப்பறையை. தெற்கே ஓஷ் நகரத்திலிருந்து தலைநகர் பிஷ்கேக்குக்கு அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், இரண்டு பெரிய கணவாய்கள், பாதி வழிக்கு மேல் வெறும் மலை. வயிற்றை நம்ப முடியாத ஒருவர் பிழைப்புக்கு இந்தச் சாலையையா தேர்ந்தெடுப்பார்? மைத்துனர் நகரத்திலேயே பள்ளி வண்டி ஓட்டும் வேலை வாங்கித் தருவதாக இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டு முறையும் எர்மெக் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, வண்டிக்குச் சக்கரம் மாற்ற வேண்டும் என்று எழுந்து போனார்.

ஏழு பேர் அமரும் பழைய ஜப்பான் வண்டி. எர்மெக்குக்கு நாற்பத்தோரு வயது, ஒல்லியான உடம்பு, கன்னத்தில் வெயில் சிவப்பு. கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் ஒரு விரல் சும்மா இருக்காது, தட்டிக்கொண்டே இருக்கும். வழியில் இருபத்தேழு கழிப்பறைகள் அவருக்குத் தெரியும். எதற்குப் பூட்டு உண்டு, சாவி யாரிடம், எதில் பலகை ஆடும், எதன் பக்கத்தில் நாய் கட்டியிருக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். மற்ற ஓட்டுநர்கள் தொக்தோகுல் ஏரிக்கரையில் வறுத்த மீனுக்கு நிறுத்துவார்கள். பயணிகளை அழைத்து வந்ததற்கு உணவகத்துக்காரர் அவர்களுக்கு மீனைச் சும்மா தருவார். எர்மெக் அதைத் தாண்டிப் போய் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்துவார். அங்கே மீன் கிடையாது, தண்ணீர் வரும்.

"ஏன் அண்ணே, ஊருக்கெல்லாம் வயிறு பசிக்குது, உங்களுக்கு மட்டும் வேற வேலை பாக்குதா?" என்று பின் இருக்கையிலிருந்து யாராவது கேட்பார்கள். சிரிப்பு எழும். எர்மெக்கும் சிரிப்பார்.

பெருங்குடல் அழற்சி. ஆறு வருடங்களாக இருக்கிறது. தொடக்கத்தில் மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவினார். பிறகு புழு என்று பூண்டு தின்றார். ரத்தம் நிற்கவில்லை, உடம்பில் பன்னிரண்டு கிலோ குறைந்தது. கடைசியில் பிஷ்கேக்கில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் வெனேரா இசாகோவ்னா விஷயத்தைச் சொன்னார்: "கிருமியும் இல்ல, நீங்க தின்னதும் காரணம் இல்ல. மந்தையைக் காக்குற நாயே மந்தையைக் கடிக்குது. உங்க உடம்போட காவல் உங்க குடலையே புண்ணாக்குது. இந்த மாத்திரைதான் சங்கிலி. நாய் தூங்கினாலும் சங்கிலியை அவுக்கக் கூடாது."

ஆடு மேய்த்த குடும்பத்துக்காரருக்கு இந்த விளக்கம் புரிந்தது. புரிந்தும் அவர் சங்கிலியை அவிழ்த்தார்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூன் அது. வழியில் வரும் சூசமிர் மேய்ச்சல் வெளியில் அண்ணன் சபார் கோடைதோறும் கூடாரம் போட்டுக் குதிரை கறப்பார். புளித்த குதிரைப்பாலான குமிஸ் குடிக்க, நோயாளிகள் அங்கே வந்து இருபது நாள் தங்கிப் போவார்கள். நெஞ்சுவலிக்கும் அதுதான் மருந்து, வயிற்றுவலிக்கும் அதுதான். எர்மெக்குக்கு அப்போது ஏழு மாதமாக ரத்தம் இல்லை. உடம்பு தேறிவிட்டது என்றே நினைத்தார். "மாத்திரையும் குமிஸும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்காதுடா. ஒண்ணை விடு," என்றார் சபார். தம்பிக்கென்றே ஒரு குதிரையை ஒதுக்கிக் கட்டியிருந்தார். அந்தக் குதிரையைப் பார்த்த பிறகு மறுக்க வாய் வரவில்லை.

அக்டோபரில் ரத்தம் திரும்பியது. இருபத்தொரு நாள் மருத்துவமனை, ஸ்டீராய்டு, பூரி போல் வீங்கிய முகம். "குமிஸ் குடிக்கலாமா கூடாதான்னு அப்புறம் பேசலாம். மாத்திரையை ஏன் விட்டீங்க? இன்னொரு தடவை இப்படி வந்தா குடலை எடுக்க வேண்டி வரலாம்," என்றார் டாக்டர். அண்ணனிடம் எர்மெக் தொலைபேசியில் சொன்னது வேறு: எல்லை தாண்டி அல்மாட்டி நகரத்தில் இருக்கிறேன், வண்டிக்கு எஞ்சின் தேடுகிறேன், உடம்பு கல் மாதிரி இருக்கிறது.

பெரியவர் மனம் நோகக் கூடாது என்று சொல்லும் பொய்யை இந்தப் பக்கத்தில் யாரும் பொய்யாகக் கணக்கில் வைப்பதில்லை. மரியாதையின் ஒரு வகை அது. சொன்னவரைத் தாண்டி அது எவ்வளவு தூரம் போகும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

சென்ற ஜூனில் ஓஷ் நிலையத்தில் புருல் என்ற பெண்மணி முன் இருக்கையில் ஏறினார். கூட வந்த மகள் நூரைமுக்குப் பத்தொன்பது வயது. பின்னால் கதவோரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். முதல் ஒரு மணி நேரத்திலேயே கண்ணாடி வழியாக எர்மெக் அவளை அறிந்துகொண்டார். பெட்டிக்கடை வந்தாலும் வீடு வந்தாலும் அவள் பார்வை கொல்லைப்புறம் போனது. அவர் பட்டியலில் இல்லாத இரண்டு இடங்களிலும் வண்டியை நிறுத்தினார்.

"இப்படிப் போனா என் செர்ரி எல்லாம் ஜாமாயிடும்," என்றார் பின்னால் இருந்த பழ வியாபாரி.

தொக்தோகுலைத் தாண்டியதும் புருல் தானாகவே பேச ஆரம்பித்தார். "குடல்ல புண்ணு தம்பி. வயசுப் பொண்ணு, வெளிய சொல்ல முடியுமா? சூசமிர்ல சபார்னு ஒருத்தர் இருக்காராம். அவரோட தம்பிக்கு இதே வியாதி. சாகக் கிடந்தவராம். இருபதே நாள் குமிஸ்! இப்பக் கல்லைத் தின்னாலும் செரிக்குதாம்."

"மாத்திரை சாப்பிடுறாளா?"

"நேத்தோட நிறுத்தியாச்சு. ரெண்டும் ஒத்துக்காதாமே."

அலாபெல் கணவாய் ஏறி இறங்கும்வரை எர்மெக் மூன்று முறை வாயைத் திறந்தார். ஒரு முறை, "மழை வரும்," என்றார். ஒரு முறை, "மேல பனி இன்னும் இருக்கு," என்றார். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமலே மூடிக்கொண்டார். துணிச்சல்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது.

கூடார வாசலில் சபார் இரண்டு கைகளையும் விரித்து ஓடி வந்தார். "அக்கா, நீங்க போன்ல கேட்ட ஆளு இவன்தான்! என் தம்பி! இவன் வண்டியிலயே வந்திருக்கீங்க!"

புருல் திரும்பிப் பார்த்தார். "நீங்களா? வழியெல்லாம் வானத்தைப் பத்தியே பேசிட்டு வந்தீங்களே!"

உள்ளே பக்கத்துக் கூடாரத்து ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சபார் கிண்ணத்தை நிரப்பி, முதலில் தம்பியிடம் நீட்டினார். "குடி. குடிச்சிட்டு இந்தப் பொண்ணுக்குச் சொல்லு. எத்தனாவது நாள்ல நின்னுச்சு?"

எர்மெக் கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்து முடித்து, துணிவிரிப்பின் மேல் வைத்தார். எழுந்து நின்றார். பெரியவர்கள் நடுவே இந்தப் பேச்சுக்கு வார்த்தைகள் அவரிடம் இல்லை. அதனால் இருந்த வார்த்தைகளைச் சொன்னார்.

"நிக்கலை அண்ணே. அக்டோபர்ல மறுபடி ரத்தம் போச்சு."

"அல்மாட்டியில இருந்தேன்னியே?"

"ஆஸ்பத்திரியில இருந்தேன். இப்பவும் மாத்திரையிலதான் நடமாடுறேன்."

சபார் மரக்கரண்டியால் குமிஸைக் கலக்கினார். கலக்க வேண்டிய அளவைத் தாண்டியும் கலக்கிக்கொண்டே இருந்தார். "என் தலையை ஊர் முன்னாடி குனிய வெச்சிட்டியேடா," என்றார், பாத்திரத்தைப் பார்த்தபடியே.

எர்மெக் நூரைமைப் பார்த்து, "பிஷ்கேக்ல ஒரு டாக்டர் அம்மா இருக்காங்க. கேமரா விட்டுப் பாப்பாங்க, சத்தம் போடுவாங்க, நல்லவங்க. வண்டியில உன் இடம் அப்படியே இருக்கு," என்றார். பிறகு குனிந்து வெளியே வந்தார்.

அவர் ஏன் பேசினார், அன்று ஏன் பேசினார் என்று மனைவி கேட்டிருக்கிறாள், டாக்டர்கூடக் கேட்டிருக்கிறார். அல்மாட்டிக் கதையைத் தொடர்ந்திருந்தால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, கோடையில் அண்ணன் கூடாரத்தில் போய்த் தங்குவதும் கைவிட்டுப் போயிருக்காது. யாருக்கும் அவர் காரணம் சொன்னதில்லை.

அன்று வண்டியில் வந்து உட்கார்ந்தவர் எஞ்சினை முடுக்கவில்லை. கூடாரத்துக்குள்ளிருந்து புருலின் குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் கேட்டது. வண்டியில் நூரைம் உட்கார்ந்து வந்த பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. பனிமலைக் காற்று அதன் வழியாக நேராக உள்ளே வந்தது.

"அண்ணே, உறையுது. கதவைச் சாத்துங்க, போலாம்," என்றார் செர்ரி வியாபாரி.

எர்மெக் தன் கோட்டைக் கழற்றிப் பின்னால் அவரிடம் நீட்டினார். கதவைச் சாத்தவில்லை.