கேம்ப் பார்க்கப் போன அப்பா

எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு டிரில் மாஸ்டர் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். பையன் நல்ல உயரம், நன்றாக எம்புகிறான், இந்த லீவில் ஏதாவது வாலிபால் கேம்ப்பில் சேர்த்துவிட்டால் அடுத்த வருஷம் ஸ்கூல் டீமில் ஆடுவான் என்றார். அப்பா சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் மண் வேலை பார்த்துவந்தார். வாலிபாலைக் கையால் தொட்டவரில்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்தவர்போலத் தலையாட்டிவிட்டு வந்தார்.

அந்த லீவில் இரண்டு கேம்ப் நடந்தது. ஒன்று சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்குள், அங்கே குடியிருந்த குவார்ட்டர்ஸ்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய கிளப்பில். மெட்ராஸிலிருந்து கோச் வந்திருந்தார். இன்னொன்று குள்ளஞ்சாவடிப் பக்கம், முந்திரித் தோப்பை ஒட்டிய பொட்டலில். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

"ரெண்டையும் நேர்ல பாத்துட்டுதான் சேக்கணும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பெண் பார்க்கப் போகிறவரைப்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார் அப்பா.

முதலில் கிளப்புக்குப் போனோம். என்னைச் சைக்கிளோடு வேலியோரம் நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் குனிந்து பேசினார். அவர் ஏதோ கேட்டார். அப்பா பதில் சொன்னதும் அந்த ஆள் கையை விரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

"இங்க வேணாம்டா" என்றார் திரும்பி வந்து. "சும்மா ஓட வுட்டுகினே இருக்கானுங்க. பந்தையே கண்ணுல காட்டறதில்ல."

பந்து என் கண்ணெதிரே வலைக்கு மேலே போய்வந்துகொண்டிருந்தது. சொன்னேன்.

"அதெல்லாம் ஒனக்குத் தெரியாது. ஏறு."

பொட்டலுக்கு வந்ததும் ஆள் மாறிவிட்டார். தரையில் கல் இருக்கிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்தார். வலையை இழுத்துப் பார்த்தார். பட்டாளத்துக்காரரிடம், "மொதல்ல இன்னாங்க கத்துக் குடுப்பீங்க?" என்று கறாராகக் கேட்டார்.

"விழறதுக்கு" என்றார் அவர்.

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. மறுநாளே சேர்ந்தேன்.

லீவு முடியும்போது இரண்டு கேம்ப்புக்கும் ஒரு மேட்ச் வைத்தார்கள், கிளப் கோர்ட்டில். கிளப் பையன்கள் போட்ட சர்வீஸ் எதையும் எங்களால் எடுக்க முடியவில்லை. என் கையில் பட்ட பந்தெல்லாம் வேலிக்கு வெளியே போனது. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா அதே வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பாதி வழியில் வெடித்தேன். "எல்லாம் ஒன்னாலதான். கிளப்புலயே சேத்துவுட்டிருந்தா நானும் ஜெயிச்சிருப்பேன். ஒனக்குப் பாத்து சேக்கத் தெரியல."

அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். மேடு ஏறியதும், "ஆமாண்டா. நான்தான் தப்பா பாத்துட்டேன்" என்றார்.

வீட்டுக்குள் நுழையும்போதே, "அப்பாவே ஒத்துக்கினாரு" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அவள் சோறு போட உள்ளே போனாள்.

அந்தக் கிளப்பில் கம்பெனியின் பெர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகளை மட்டும்தான், கான்ட்ராக்ட் ஆட்களின் பிள்ளைகளை அல்ல, சேர்ப்பார்கள் என்பது நான் வேலைக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், என் அப்பாவுக்கு ஒரு நல்ல கேம்ப்பைப் பார்த்துச் சேர்க்கத் தெரியவில்லை என்பதுதான். பள்ளிக்கூடம் திறந்ததும் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன்.