இரண்டாம் மாடிக்குப் பிடித்த வயிறு

பூந்தமல்லி ட்ரங்க் சாலையிலுள்ள அந்த ஜவுளிக்கடையில் முகூர்த்தப் பட்டுப் பிரிவு இரண்டாம் மாடியில் இருக்கிறது. அங்கே புடவையை விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. கல்யாண வீட்டார் வெள்ளை மெத்தையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, விற்பனைப் பெண் தன் சீருடைப் புடவையின் மேலேயே பட்டைச் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடிக்கு முன் ஒருமுறை திரும்பி நிற்க வேண்டும். மணப்பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதைக் கட்டிக் காட்டுகிறவளின் உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ராதிகா அதில் தேர்ந்தவள். அண்ணனூரில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு இந்தக் கடையில் சேர்ந்து, நூம்பலுக்கு மருமகளாகப் போனவள். ஒரு குடும்பம் எதுவும் பிடிக்காமல் எழுந்திருக்கப் போகிற நேரம் பார்த்து அவள் சரியான நிறத்தைத் தோளில் போடுவாள். அவர்கள் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். அவளை மற்றவர்கள் வாய்விட்டுப் பாராட்டிய காரியம் அது ஒன்றுதான்.

மாசியில் ஆண் குழந்தை பிறந்தது. விக்ரம் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை வெளியே வந்த பிறகும் வயிறு உள்ளே போகவில்லை. மாமியார் கன்னியம்மாள் பழைய வேட்டியைக் கிழித்து, மூச்சு முட்ட அந்த வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். தண்ணீர்ச் சொம்பை எட்டாத உயரத்தில் வைத்தாள்.

“தாகமா கீது அத்தே.”

“கீட்டும். பச்சத் தண்ணி குட்ச்சினா வயிறு கொடமாட்டம் தொங்கும். நான் நாலு பெத்தேன். எனுக்குத் தொங்குதா பாரு.”

அவளுக்கும் தொங்கியது. அதைச் சொல்லக்கூடிய நிலையில் ராதிகா இல்லை.

கணவன் ராகேஷ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கெட்டவன் என்று அவனை யாரும் சொன்னதில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவள் வயிற்றைப் பார்த்து, “இன்னாடி, இன்னொன்ன உள்ளயே உட்டுட்டாங்களா? ஆஸ்பத்திரில போய்க் கேளு” என்று சிரித்தான். மறுநாள் ஆட்டோ நிறுத்தத்தைக் கடந்தபோது, அதே வாசகத்தை அவனுடைய நண்பன் ஒருவன் சொல்லி முடிப்பதையும், மற்றவர்கள் சிரிப்பதையும் அவள் கேட்டாள்.

ஆனியில் வேலைக்குத் திரும்பினாள். இரண்டாம் மாடியின் மேலாளர் திருவேங்கடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை; வயிற்றைப் பார்த்தார்.

“யம்மா, பட்டு எடுக்க வர்றவங்க ஜரிகையப் பாப்பாங்களா, இதப் பாப்பாங்களா? கொஞ்ச நாள் கீழ இரு.”

கீழே என்றால் தரைத்தளத்துக்கும் கீழே, கிடங்கு. லாரியில் வந்திறங்கும் துணி மூட்டைகளை இருவர் இருவராகத் தூக்கி அடுக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் இடுப்பு பிளந்து மூடியது. இருமினால் நடுவயிறு கூரை முகடுபோலப் புடைத்து எழுந்தது. தூக்கும்போது சிறுநீர் கசிந்தது. துணி மடித்து வைத்துக்கொண்டும் மறைக்க முடியவில்லை. “எவ அது, இங்க வந்து நாறினு கீறது?” என்று யாரோ பொதுவாகக் கேட்டார்கள். எல்லோரும் அவளைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் ஆள் போதாமல் அவளை ஒருநாள் மேலே அழைத்தார்கள். காட்டுப்பாக்கத்திலிருந்து வேம்புலியம்மாள் என்ற பெண்மணி தன் மகன் கல்யாணத்துக்காக உறவினர்களோடு வந்திருந்தாள். எதுவும் பிடிக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தவள், மயில் கழுத்து நிறப் பட்டைச் சுற்றிக்கொண்டு ராதிகா திரும்பி நின்றதும் நிமிர்ந்தாள்.

“எத்தினி மாசம்மா?”

ராதிகா வாயைத் திறந்தாள். திருவேங்கடம் முந்திக்கொண்டார். “ஏழு நடக்குதுங்கம்மா. வீட்ல இருன்னா கேக்கறதில்ல.”

“புள்ளத்தாச்சி தோள்ல பட்ட பொடவ! இதுக்கு மேல இன்னா ராசி வோணும்? கட்டிக்கிறவ பத்தாம் மாசமே பெத்துக் குட்த்துடுவா. இதையே போடுங்க. நலங்குப் பொடவயும் இந்தப் பொண்ணே கட்டிக் காட்டட்டும்.”

போகும்போது ராதிகாவின் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். திருவேங்கடம் அன்று முழுவதும் யோசனையிலேயே இருந்தார். மறுநாள் அவளைக் கிடங்குக்கு அனுப்பவில்லை.

கடைகளில் நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாம் மாடிக்கு முதல் நாற்காலி இப்போதுதான் வந்தது. அது ராதிகாவுக்கு. “எழுந்திரிக்கறப்ப ஒரு கைய இடுப்புல வெச்சுக்க. லேசா மூச்சு வாங்கணும். ரொம்ப வாங்காத, பயந்துடுவாங்க” என்று திருவேங்கடம் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து மெத்தையில் புடவை காட்டும் அனுசுயாவுக்கு அது ஓயாத வேடிக்கை.

“ஆனையே ரெண்டு வருசத்துல பெத்துடுதுடி. நீ எப்போ?”

“நீ வந்து புட்ச்சிக்கினா இப்பவே பெத்துடறேன்” என்பாள் ராதிகா. சிரிப்பில் சேர்ந்துகொண்டால் சிரிப்பு சீக்கிரம் முடியும் என்பதைக் கற்றிருந்தாள். மேலே மூட்டை இல்லை. கண்ணாடி இருந்தது. எழுந்திருக்கப் போனவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

ஆயினும் இடுப்பு வலி விடவில்லை. புரட்டாசியில் அரசு மருத்துவமனைக்குப் போனாள். பிசியோதெரபிப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் அவளைப் படுக்கவைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரல்களை அழுத்தினார். நான்கு விரல்கள் பள்ளத்தில் இறங்குவதுபோல் இறங்கின.

“இது கொழுப்பு இல்லம்மா. ரெண்டு பக்கத் தசையும் நடுவுல பிரிஞ்சு நிக்குது. இறுக்கிக் கட்டறத நிறுத்துங்க, தண்ணி நல்லா குடிங்க. நான் சொல்ற பயிற்சிய விடாம செஞ்சா சேர்ந்துடும். ஆனா வெயிட் தூக்கினீங்க, மறுபடி பிரியும்.”

ஆக, வயிறு சேர வேண்டுமானால் அவள் இரண்டாம் மாடியில் இருக்க வேண்டும். வயிறு சேர்ந்துவிட்டால் இரண்டாம் மாடியில் அவளுக்கு இடம் இல்லை. பேருந்தில் திரும்பும்போதே இது அவளுக்கு விளங்கிவிட்டது. கர்ப்பிணி என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்த ஒருவரின் இருக்கையில் உட்கார்ந்துதான் இதை யோசித்தாள்.

விடியற்காலையில் தரையில் படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடியே அடிவயிற்றை உள்ளிழுத்து, ஒவ்வொரு காலாக நீட்டினாள். கன்னியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“புள்ள அழுவுது. இவ கரப்பாம்பூச்சி மாரி மல்லாந்துகினு கால ஆட்டறா. இதெல்லாம் பெத்தவ செய்ற வேலயா?”

“டாக்டர் சொன்னாங்க அத்தே.”

“அந்த டாக்டரு எத்தினி பெத்துகிறாளாம்?”

ராதிகா மற்றக் காலை நீட்டினாள்.

கார்த்திகையில் பள்ளம் இரண்டு விரலுக்குச் சுருங்கியது. இருமினால் கசிவில்லை. சீருடைப் புடவையின் கொசுவம் நேராகத் தரையைத் தொட்டது. ஆளில்லாத நேரத்தில் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டாள். அந்த வாரமே திருவேங்கடமும் பார்த்துவிட்டார்.

“என்னம்மா, எளச்சுக்கிட்டே போற?”

“சரியாவுது சார்.”

“உனக்குச் சரியாவுது, எனக்கு? தை முகூர்த்தம் பூரா மிச்சம் இருக்கு. வயிறு இல்லாத பொண்ணுங்க மேல ஏகப்பட்ட பேர் இருக்காங்க. கீழதான் ஆள் பத்தல.”

அவர் தரைத்தளத்திலிருந்து பெரிய துவாலை ஒன்றை எடுத்துவரச் செய்தார். “மடிச்சு உள்ள வெச்சுக்க. தை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்.”

ராதிகா அதை வாங்கிக்கொண்டாள். உள்ளே தசை சேரட்டும், வெளியே துவாலை இருக்கட்டும்; இரண்டு பக்கத்தையும் ஏமாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். காலையில் பணியாளர் அறையில் அனுசுயாதான் பின் குத்திவிடுவாள். “கோணலா கீதுடி. ரெட்டப் புள்ளயா?”

தையில் வேம்புலியம்மாள் மறுபடி வந்தாள். இந்த முறை மகள் கல்யாணம். படியேறி வந்ததும் அந்த ராசிக்காரப் பெண் எங்கே என்று கேட்டாள். ராதிகா அரக்கு நிறப் பட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பினாள். வேம்புலியம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றது.

“ஏம்மா, ஆவணிலயே ஏழுன்னீங்களே. இன்னுமா பெக்கல?”

மெத்தையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ராதிகாவின் வயிற்றைப் பார்த்தார்கள். திருவேங்கடம் மூச்சுவிடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

“அது தவறிடுச்சுங்கம்மா. குறை மாசத்துல பொறந்து மூணாம் நாள். இது அடுத்தது.”

அந்த நேரத்தில் நூம்பலில் விக்ரம் சுவரைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தான்.

வேம்புலியம்மாள் நேராக ராதிகாவைப் பார்த்துக் கேட்டாள். “மெய்யாலுமாம்மா?”

ஒரு சொல் போதும், மகன் உயிரோடு வந்துவிடுவான். அந்தச் சொல்லோடு அவள் கிடங்குக்குப் போய்விடுவாள். ராதிகா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“அடப் பாவமே” என்றாள் வேம்புலியம்மாள். அவள் கண்கள் உண்மையாகவே கலங்கின. பிறகு எழுந்து வந்து, இரண்டு விரலால் முந்தானையைப் பிடித்து ராதிகாவின் தோளிலிருந்து எடுத்தாள். “தப்பா நென்ச்சிக்காதம்மா. நல்ல காரியம் பாரு. கொழந்த தவறுன ஒடம்பு.” திருவேங்கடத்திடம் திரும்பினாள். “இந்தப் பொடவ வோணாம். வேற எடுங்க. இந்தப் பொண்ணு தொடாம.” சற்று நின்றாள். முகம் மாறியது. “ஆவணில எடுத்ததையும் இவதான கட்டிக் காட்டுனா? அதான் எம் மருமவளுக்கு இன்னும் ஒண்ணும் தங்கல.”

அனுசுயா பச்சைப் பட்டுக்குக் கொசுவம் வைக்கத் தொடங்கியிருந்தாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் திருவேங்கடம் ராதிகாவை நிறுத்தினார். கோபமாகப் பேசவில்லை.

“நீ இல்லன்னு சொல்லியிருந்தாக்கூட வேற எதையாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். தலைய ஆட்டிட்ட. இனிமே இந்த ஏரியாவுல எவ உன் கையால புடவை எடுப்பா? நாளைலேந்து கீழ போயிடு.”

“எம் புள்ள நல்லா கீறான் சார்.”

“இருக்கட்டும்மா. நான் என்ன வேணாம்னா சொன்னேன்? அந்தத் துவாலை ஸ்டாக்ல வரும். மடிச்சு வெச்சுட்டுப் போ.”

மறுநாள் காலை கிடங்கில் லாரி வந்து நின்றிருந்தது. மூட்டையின் மறுமுனையைப் பிடித்திருந்த ஆள், “தூக்கலாமா?” என்று கேட்டான். ராதிகா மூச்சை விட்டபடியே அடிவயிற்றை உள்ளிழுத்துத் தூக்கினாள். நாலைந்து அடி நடந்ததும் நடுவயிற்றில் ஏதோ மெல்ல விலகுவது தெரிந்தது. அவள் மூட்டையைக் கீழே வைக்கவில்லை. பாதி வழியில் வைத்தால் மறுபடியும் தூக்க வேண்டும்.