கொல்லத்துக் கடலில் கயிறு இல்லை

ஐயோ, அந்தக் கொல்லத்துப் பயணத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. ஊர் பார்க்கலாம் வாங்க என்றுதான் அப்பா எங்களை ஏற்றினார். ஏறியது கருவாட்டு லாரி. உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓடிய வண்டி. மூட்டைகளின் மேல் அப்பா, அம்மா, மாமா, நான். எங்கள் மேல் வீசிய நாற்றத்தில் எந்த ஊர் எங்களைப் பக்கத்தில் சேர்க்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அப்பா தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர், கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுப்பவர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தோணியில் நின்று அப்பாவின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிப்பவர். கீழே இருப்பவர் சுண்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் போச்சு. அதனால்தான் எங்கள் ஆட்கள் மனைவியின் கூடப்பிறந்தவனைத் தவிர வேறு யார் கையிலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. அக்காள் தாலி அறுவதை எந்தத் தம்பி பார்த்துக்கொண்டிருப்பான்?

செங்கோட்டை தாண்டியதும் காடு. வெயில் தரையில் விழாத இடத்தை அதுவரை நான் பார்த்ததேயில்லை. ஏற்றத்தில் வண்டி திணற, எல்லோரும் இறங்கி நடந்தோம். பாறைக்குப் பாறை தண்ணீர் கொட்டியது. அம்மாவோ வழியில் தவித்துப் போவோம் என்று தூத்துக்குடியிலிருந்தே ஒரு குடம் தண்ணீரை வாய்க்குத் துணி கட்டிக் கொண்டுவந்திருந்தாள். மாமாவின் காலில் அட்டை ஏறியது. சுறா திரியும் கடலில் நாளெல்லாம் தோணியில் நிற்கிற மனிதர், ஓர் அட்டைக்குப் போட்ட கூச்சலில் வண்டியே நின்றுவிட்டது. ஆனை வருமா, புலி வருமா என்று வழியெல்லாம் கேட்டு அப்பாவிடம் கேலி வாங்கினார்.

கொல்லத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். எங்கள் கடல் குளம் மாதிரி. இதுவோ கரையிலேயே ஆளுயரம் எழும்பி விழுந்தது. எல்லாக் கடலும் உப்புத் தண்ணிதானே என்று சொல்லி அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஓர் அலை விழுந்தது. அப்பாவைக் காணோம்.

நாங்கள் சிரித்தோம். மூச்சை அடக்கி மூழ்கிக் கிடந்து எங்களைப் பயமுறுத்துவது ஊரில் அப்பாவின் வழக்கமான விளையாட்டு. நான் கைகூடத் தட்டினேன். அத்தான் வருவாரு என்று சொல்லி மாமா மணலில் சாவகாசமாக உட்கார்ந்தார். அப்பா வரவில்லை. அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு அவள் போட்ட சத்தம் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த மலையாளத்துக்காரர்கள் ஓடிப்போய்க் கடலில் குதித்து, அப்பாவை இழுத்து வந்து மணலில் போட்டார்கள். வயிற்றை அமுக்க அமுக்கத் தண்ணீராகக் கக்கினார். தண்ணீர் அப்பாவை ஏதாவது செய்யும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அம்மா மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏலே, கயித்த எங்கலே விட்ட?"

கயிறு ஏது அங்கே? அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நான் நடுங்கிப்போனேன். மாமா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அதே காட்டு வழியாகத் திரும்பினோம். காலி லாரியில் அப்பா படுத்துத் தூங்கினார். பக்கத்தில் உட்கார்ந்த மாமா, அப்பாவின் வேட்டி முனையைத் தன் கையில் இறுக்கிச் சுற்றிப் பிடித்திருந்தார். அவர் காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆனைக்குப் பயமா மாமா?" என்று கேட்டேன்.

"ஆமா தாயி" என்றார்.

காடு முடிந்தது. திருநெல்வேலி போயிற்று. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை வந்து, வெறும் பனையும் வெயிலுமாக ஆன பிறகும் மாமா பிடியை விடவில்லை. இங்கே ஏது ஆனை என்று எனக்கு ஒரே சிரிப்பு.