நேரில் பார்வையிட்டேன்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து சாயா போடப் போய்விடுகிற ஆள் நான். மட்டாஞ்சேரியில் எந்தப் பழைய கட்டடத்துக்குத்தான் ஒரு கதை இல்லை? அதையெல்லாம் நம்பினால் ரோட்டில் நடக்க முடியாது. நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எண்பதுகளின் நடுவில், ஆலைக் கழிவுகளைக் கண்காணிக்கிற ஒரு சர்க்கார் ஆபீஸில் நான் கிளார்க். விஷக் கழிவு வைத்திருக்கும் ஒவ்வொரு ஆலைக்கும் கிடங்குக்கும் ஓர் எண் உண்டு. முதலாளி மாறுவார், பெயர்ப்பலகை மாறும், கதவில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிய எண் மட்டும் மாறாது. அதை வைத்துத்தான் ரிஜிஸ்டரில் தேட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அவருக்கு ஏலூர் ஆலைகளைச் சுற்றிவரவே நாள் போதாது, அதனால் மட்டாஞ்சேரியின் சின்னக் கிடங்குகளை எங்களிடம் விட்டுவிட்டார். போய்ப் பார்ப்பதற்கு இல்லை, எழுதுவதற்கு. சரக்கு என்ற இடத்தில் 'மேற்படி', குறிப்பு என்ற இடத்தில் 'நேரில் பார்வையிட்டேன், குறையில்லை', பக்கத்தில் என் சுருக்கொப்பம். எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன். அதில் பெரிய தப்பு இருப்பதாக அப்போது தோன்றவும் இல்லை.

ஒரு ஜூன் மாத மத்தியானம். மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஆபீஸுக்குள் ஒரு பெண் தொப்பலாக நனைந்து ஓடிவந்தாள். பெயர் செல்வி, தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் முருகேசன் வாய்க்கால் ஓரத்துக் கிடங்கில் சுமை தூக்குகிறவன். அன்று காலை ஒரு பீப்பாயின் மூடியைத் திறந்திருக்கிறான், அங்கேயே விழுந்துவிட்டான்.

"என்ன வெசம்னு தெரிஞ்சாத்தான் மாத்து மருந்து குடுக்க முடியுமாம் சார். மொதலாளி வெறும் பீப்பாங்கிறாரு. இந்த நம்பர வச்சு இங்க கேக்கச் சொன்னாரு டாக்டரு" என்று எண் எழுதியிருந்த உள்ளங்கையை நீட்டினாள். எங்கள் ஊரில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பெண்ணும் சார்தான்.

"கரையாதேங்கோ, அழுதா ஆகுமா? இப்பப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

எண்ணைப் பார்த்தேன். அன்று காலை பத்தரைக்குத்தான் அந்த எண்ணுக்கு எட்டாவது தடவையாக 'மேற்படி' போட்டிருந்தேன். ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினேன். மேற்படி. அதற்கு முன்னால் மேற்படி. எல்லாம் என் கையெழுத்து. ஒருவன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, நான் என் பொய்களைத் தள்ளித் தள்ளி உண்மையைத் தேடிக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு. கடைசியில் எனக்கு முன்பிருந்த கிளார்க்கின் பக்கத்தில் அது கிடைத்தது. ஒரு பூச்சிமருந்து ஆலையின் கழிவு, மருந்தின் முழுப் பெயரோடு. மழையில் போன் வேலை செய்யவில்லை. பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு, செல்வியோடு ஆட்டோவில் ஏறி, போர்ட் கொச்சியில் அவன் கிடந்த ஆஸ்பத்திரிக்கே போய் டாக்டர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு உள்ளே ஓடினார்.

முருகேசன் பிழைத்துவிட்டான். இதுவரைக்கும் எல்லாம் சரி.

மறுநாள் மத்தியானம் அவனைப் பார்க்கப் போனேன். அதற்கு முன் அவன் என்னைப் பார்த்ததே இல்லை, முந்தின நாளும் நான் வார்டுக்குள் நுழையவில்லை. ஆனால் என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"மன்னிச்சுக்கங்க சாரே. நீங்க சொல்லியும் நாந்தேன் கேக்கல."

"நான் என்ன சொன்னேன்?"

"மூடியில கை வைக்காதன்னு சொன்னீகல்ல, நேத்துக் காலையில, பத்தரை இருக்கும்."

மருந்து மயக்கம் என்று நினைத்தேன். நான் அந்தக் கிடங்குப் பக்கமே வந்ததில்லை என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான்.

"ரெண்டு வருசமா மூணு மாசத்துக்கு ஒருக்கா வாரீகளே சாரே. பெரிய புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு வருவீக. எடது கையால எழுதுவீக."

நம்பினால் நம்புங்கள், நான் இடது கைக்காரி. செல்வியைப் பார்த்தேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "எழுதிட்டு நான் எங்க போவேன்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

முருகேசன் கொஞ்சம் யோசித்தான். "உள்ள போறதத்தேன் பாத்துருக்கேன் சாரே. ஒரு தடவகூட வெளிய வந்து பாத்ததில்ல."

அதற்குப் பிறகு நான் எந்த எண்ணுக்கும் போய்ப் பார்க்காமல் ரிஜிஸ்டரில் ஓர் எழுத்து எழுதியதில்லை. இன்ஸ்பெக்டர் முறைத்தார், கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள், செய்யட்டும். அந்த ஒரு கிடங்குக்கு மட்டும் போகும் தைரியம் எனக்கு வரவே இல்லை. அடுத்த வாரம் அதை மூட உத்தரவு வந்தது. பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு லாரி போனது, கதவை அடைத்துச் சீல் வைத்தார்கள். சீல் வைக்கும் கடிதத்தை நான்தான் எழுதினேன். பூட்டுவதற்கு முன்னால் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல, எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.