மேற்கே கறுத்தால் விசில்

வடக்கனந்தல் ஊர்க்காரன் பிரிட்டோவுக்குத் தண்ணீர்மேல் வேலை. அணைகளில் மிதக்கும் சோலார் தகடுகளைப் பொருத்துகிறவன். பிளாஸ்டிக் மிதவைகளைக் கரையில் ஒன்றோடொன்று பூட்டி, தகட்டை ஏற்றி, வரிசை வரிசையாகத் தண்ணீருக்குள் தள்ள வேண்டும். பிறகு அவற்றின்மேல் நடந்துபோய் நங்கூரக் கயிறுகளை இறுக்க வேண்டும். இந்த மின்சாரத்துக்கு யாருடைய நிலமும் வேண்டாம். தண்ணீரின் குளிர்ச்சியில் தகடும் அதிகம் சூடேறாது.

"சீனா, கொரியானு எல்லா நாட்லயும் போட்டுக்கினு கீறான். தண்ணி நிக்கிற எடமெல்லாம் இனிமே நமக்கு வேலதான்" என்று சொல்லித்தான் மலைமேல் வெள்ளிமலை ஊரிலிருந்த சிநேகிதன் செல்லமுத்துவையும் அவன் கூட்டிப்போனான்.

வடக்கே ஓர் அணையில், பொழுது சாயும் நேரத்தில் காற்று எழுந்தது. கடைசி வரிசையை முடித்துவிட்டு வரச் சொன்னார் மேற்பார்வையாளர். பகல் புழுக்கத்தில் கழற்றிய மிதவைச் சட்டையைச் செல்லமுத்து மறுபடி மாட்டவில்லை. பிரிட்டோ அதைப் பார்த்தான். பத்து நிமிட வேலைதானே என்று விட்டுவிட்டான். அலை தூக்கியதில் வரிசையே புரண்டது. செல்லமுத்துவின் உடல் மறுநாள்தான் கிடைத்தது.

மலைப்பாதையில் ஜீப்பில் உடலை வெள்ளிமலைக்குக் கொண்டுபோய் இறக்கியபோது செல்லமுத்துவின் மனைவி எழில்மதி அழவில்லை.

"எல்லாமே மெதக்கும்னுதான சொன்னாரு? அவரு மட்டும் ஏன் மெதக்கல?"

பிரிட்டோ அணை வேலைக்குத் திரும்பிப் போகவில்லை.

ஒன்றரை வருடம் கரும்பு வெட்டினான். பிறகு வேறொரு கம்பெனி கூப்பிட்டது. இன்னும் பெரிய அணை, அறுபது பேருக்குப் பொறுப்பாளர் வேலை. பதில் சொல்லும் முன் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினான். எழில்மதி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். புது வேலைக்குக் கூப்பிட்டிருப்பதைச் சொன்னான்.

"அவன் சட்டைய கழட்டிட்டு நின்னத நான் பாத்தேம்மா. மாட்டுடானு சொல்லாம வுட்டுட்டேன்."

முறம் நின்றது. அவள் அதைக் கீழே வைத்தாள்.

"போங்கண்ணா. ஆனா இன்னொருத்தர இப்பிடி ஜீப்புல ஏத்திக்கினு வராதீங்க."

காற்று வரும் என்று தோன்றினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் தனக்கு வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பிரிட்டோ சேர்ந்தான். இரண்டாம் மாதம் மேற்கே வானம் கறுத்தது. விசில் ஊதி அறுபது பேரையும் கரையேற்றினான். காற்று வரவில்லை. மேகம் கலைந்து வெயில் அடித்தது. ஒரு நாள் வேலை பாழ் என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் மறுபடியும் கறுத்தது. மேலாளர் கரையிலேயே நின்றிருந்தார். பிரிட்டோ அவர் பக்கம் பார்க்காமல் விசிலை வாயில் வைத்தான். கடைசி ஆள் மண்ணில் கால் வைக்கும்வரை ஊதினான்.

எட்டு மாதத்தில் வேலை முடிந்தது. அறுபது பேரும் அவரவர் ஊருக்கு ரயிலேறினார்கள். பிரிட்டோ இப்போது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். லாவோஸ் நாட்டில் ஏதோ அணையாம்.