கட்டி என்று சொன்ன பொய்

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் மார்பில் வைத்துக்கொண்ட இம்ப்ளான்டை எடுத்துவிட்டு, சின்னதாக மாற்றலாமா என்று போன தை மாதம் யோசிக்க ஆரம்பித்தேன். குனிந்து கோலம் போட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும். தோளில் பிரா பட்டை பதிந்து கறுத்தே போய்விட்டது. பெரிதாகவே வையுங்கள் என்று அன்றைக்கு அடம்பிடித்தவள் நான்தான். யாரை நோவது?

மதுரை டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். உள்ளே அதைச் சுற்றிச் சவ்வு இறுகியிருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும், சின்னது வைத்தால் தோல் தொங்கும், அதையும் சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும் என்றார். திறந்து பார்த்தால் என்று அவர் சொன்னது மட்டும் காதில் நின்றது. ஊர் திரும்பும்போது பஸ் திருப்பத்தூர் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மயக்க மருந்தில் எழுந்திருக்காமல் போனால்? இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அழகுக்காகச் செத்தாள் என்றல்லவா காரைக்குடி முழுக்கப் பேசும்?

வீட்டில் இதைத் தெரிந்தவர் என் கணவர் மட்டும்தான். மாமியாரைப் பொறுத்தவரை அது பிள்ளை பெற்றதால் பெருத்த உடம்பு. கடைசியில் ஆபரேஷனுக்குத் துணிந்தபோது, மூன்று நாள் மதுரையில் தங்க அவரிடம் என்ன காரணம் சொல்வது? வாய் முந்திக்கொண்டது. மார்பில் சின்னக் கட்டி, எடுக்கணுமாம் என்று சொல்லிவிட்டேன். பல்லி வேறு அந்த நேரம் பார்த்துச் சத்தம் போட்டது. அப்படிச் சத்தம் போட்டால் சொன்னது பலிக்கும் என்பார்கள். அன்றிலிருந்து குளிக்கும்போதெல்லாம் பயந்து பயந்து தடவிப் பார்த்தேன். சிலிக்கான் எது, சதை எது என்றே எனக்குப் புரியவில்லை.

எங்கள் பக்கம் உடம்பில் எங்கே நோவோ, அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் அடித்த உரு வாங்கி மாரியம்மன் உண்டியலில் போடுவார்கள். கண்ணுக்குக் கண், காலுக்குக் கால். செவ்வாய்க்கிழமை காலையில் மாமியார் தலைக்குக் குளித்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"கட்டி எந்தப் பக்கம் ஆத்தா? உரு வாங்கிப் போடணும்."

பொய்க்காக ஒரு பக்கத்தைச் சொல்லி, அம்மனுக்கும் அது போய்ச் சேர்ந்து, அந்தப் பக்கமே வந்துவிட்டால்? ரெண்டும் என்று உளறினேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"வையாதீக அயித்த. கட்டியெல்லாம் இல்ல. நானே ஆபரேஷன் பண்ணி வச்சுக்கிட்டது. அதத்தான் சின்னதாக்கப் போறேன்."

அவர் என் மார்பையே வெகுநேரம் பார்த்தார். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"கட்டி இல்லன்னு டாக்டர் பாத்துட்டாரா?"

ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கச் சொன்ன ஸ்கேனுக்கு நான் இன்னும் போகவில்லை. பயந்துகொண்டு தள்ளிப் போட்டிருந்தேன். இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப ரெண்டாவே போட்டுட்டு வாரேன்" என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.