ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த வரி

போன வருஷம் ஆடி மாதம். குற்றாலத்தில் நல்ல சாரல். தென்காசியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நாத்தனார் வந்திருந்தாள். மெயினருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தோம்.

என் மகளுக்கு எட்டு வயது. நிலக்கடலை அவளுக்கு ஆகவே ஆகாது. கொஞ்சம் வாயில் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். சின்ன வயதில் ஒருமுறை பிழைத்ததே பெரும்பாடு. அதிலிருந்து எந்தப் பாக்கெட்டையும் படிக்காமல் நான் வாங்குவதில்லை. சொந்தக்காரர்களுக்கு அது வேடிக்கை. வெளிநாட்டுச் சாமான் கடையில், மகள் கேட்ட சாக்லேட் வேஃபரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது நாத்தனார் சிரித்தாள்.

"என்ன மதினி, பரீட்சைக்கா படிக்கிய? நம்ம ஊர்ல கடலை தின்னு எவ செத்தா?"

பாக்கெட்டின் பின்பக்கம் பாதி ஏதோ ஒரு மொழி, மீதி இங்கிலீஷ். மைதா, சீனி, பாமாயில், கொக்கோ, பால் பவுடர். அதற்குக் கீழே வெள்ளை ஸ்டிக்கர். இறக்குமதி செய்தவர் முகவரி, விலை, பச்சைப் புள்ளி. கடலை இல்லை. வாங்கிக் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் மகள் நின்றுவிட்டாள். "அம்மா, தொண்டைக்குள்ள என்னமோ செய்யுது." உதடு தடித்து நீலம் பாய ஆரம்பித்திருந்தது. சீசன் கூட்டத்தில் ரோடே நகரவில்லை. ஒரு ஆட்டோக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் விட்டார். "போலீஸ்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க பிள்ளையப் பாருங்க" என்றார்.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். கடலை இல்லை, நான் படித்துத்தான் கொடுத்தேன் என்று கத்தினேன். மகள் கைக்குள் கசங்கிக் கிடந்த பாக்கெட்டை நர்ஸ் வாங்கிப் பார்த்து, ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் தடித்த எழுத்தில் இருந்தது: நிலக்கடலை கலந்தது.

மகள் கண்ணைத் திறந்து என்னைத் தேடும் வரை நாத்தனார் என் கையை விடவில்லை.

மறுநாள் ஸ்டிக்கரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். "சட்டப்படிதான் ஒட்டியிருக்கோம் மேடம்" என்றான் ஒருவன். எந்த வரிக்கு மேல ஒட்டினீங்க என்று கேட்டேன். வைத்துவிட்டான். அந்த ஆத்திரம் அடங்காமல் குற்றாலத்துக்கே போனேன், கடைக்காரரை நாலு வார்த்தை கேட்க.

அவர் விஷயத்தைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து அந்த வேஃபர் பெட்டி முழுவதையும் கல்லாவுக்குப் பக்கத்தில் கொட்டி, ஒவ்வொரு ஸ்டிக்கராக உரிக்க ஆரம்பித்தார்.

"உரிச்சுத் தூரப் போடவும் முடியாது தாயி. இது இல்லாம வித்தா எனக்கு அபராதம். வேற இடத்துல ஒட்டுதேன்."

திட்டுவதற்கு வந்தவள் நான். எதிரே உட்கார்ந்து நானும் உரித்தேன். எழுத்து இல்லாத இடமாகப் பார்த்து அவர் ஒட்டினார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்தக் கடலை வரி வெளியே வந்தது.

கடலையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வேஃபர் செய்த நாட்டில் சட்டம் இருக்கிறது. இறக்குமதி செய்தவன் யாரென்று சொல்லியே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. இரண்டும் வாங்குகிறவனுக்காகத்தான். ஒன்றை எடுத்து இன்னொன்றின் வாயில் ஒட்டியவனுக்கு அந்த நேரத்தில் கண் எங்கே போனது என்பதுதான் எனக்கு இன்னும் தீராத கோபம்.

இப்போது நாத்தனார் எதை வாங்கினாலும் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பி, "மதினி, இது பிள்ளைக்கு ஆகுமா" என்று கேட்கிறாள். நான் கடைகளில் ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்; அன்று என் மகளின் உதட்டில் பார்த்த நீலத்தை அவர்கள் யாரும் பார்க்கவில்லை.